இழுத்துத் திறக்கும் பூட்டு: யாருக்கும் தோன்றும் யோசனையா, காப்புரிமை தரத் தக்க கண்டுபிடிப்பா?

மின்மினி

ஆப்பிள்–சாம்சங் சண்டை என்றாலே போனின் வட்ட மூலைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் எனக்கு, 2012 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் சாம்சங் மேல் ஆப்பிள் போட்ட இரண்டாவது வழக்குதான் பெரிதாகப் படுகிறது. பூட்டிய திரையை விரலால் இழுத்துத் திறப்பது, தட்டச்சு செய்யும்போதே சரியான சொல்லைக் காட்டுவது, செய்தியில் வந்த போன் எண்ணைத் தொட்டதும் அழைப்பது என, அதில் இருந்ததெல்லாம் நாம் தினமும் வரைகிற சமாச்சாரங்கள்.

2014 மே மாதம் ஜூரி ஆப்பிளுக்கு 11.96 கோடி டாலர் கொடுத்தது. அதில் இழுத்துத் திறப்பதற்கு வெறும் 30 லட்சம் டாலர்தான், பெரும்பங்கு போன் எண் காப்புரிமைக்கு. ஆனால் வாதம் சூடாக நடந்தது அந்த 30 லட்சத்துக்காகத்தான். 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் மொத்தத் தீர்ப்பையும் கவிழ்த்தார்கள். இழுத்துத் திறப்பதும் சொல் திருத்தமும் துறை தெரிந்தவருக்கு வெளிப்படையானவை, காப்புரிமை செல்லாது என்றார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 7 அன்று அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு 8–3 என்ற கணக்கில் ஜூரி தீர்ப்பை மறுபடி நிலைநிறுத்தியது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. இதே கண்டுபிடிப்புக்கான ஐரோப்பியக் காப்புரிமையை 2012 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் தைவான் போன் கம்பெனியான எச்டிசி தொடுத்த வழக்கில் ரத்து செய்தது. 2013 ஏப்ரலில் ஜெர்மன் காப்புரிமை நீதிமன்றமும் ரத்து செய்தது, 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எல்லா இடத்திலும் முன்னால் வைக்கப்பட்டது ஸ்வீடன் கம்பெனியான நியோனோடின் என்1 என்ற போன்.

ஒரே போன், ஒரே யோசனை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் ஒரு முடிவு. என் கட்சி ஐரோப்பா பக்கம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கோடுகோலன்

இதில் நினைக்க என்ன இருக்கிறது? என்1 போனின் கையேட்டில் தெளிவாக இருக்கிறது: பவர் பட்டனை அழுத்து, வலப்பக்கம் தள்ளித் திறக்கவும் என்று திரையில் எழுத்து வரும், விரலை வலப்பக்கம் தள்ளு, திறந்துவிடும். ஐபோன் வருவதற்கு முன்பே வந்த போன் அது. அதன் மேல் ஒரு படத்தை வைத்து, விரலோடு அந்தப் படமும் நகரட்டும் என்றால் அது கண்டுபிடிப்பாகிவிடுமா? ஸ்லைடர் என்ற சாதனம் கணினித் திரையில் எத்தனை வருடமாக இருக்கிறது!

அமேசானின் ஒரே கிளிக்கில் வாங்கும் காப்புரிமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1999 செப்டம்பரில் கொடுத்தார்கள். அதே டிசம்பரில், கிறிஸ்துமஸ் விற்பனை நேரத்தில், பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்துக்குத் தடை வாங்கினார்கள். 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் தடை நீங்கியது, ஏனென்றால் காப்புரிமை செல்லுமா என்பதிலேயே பலமான சந்தேகம் எழுந்தது. அங்கே காட்டிய முந்தைய சான்றுகளில், அதாவது இது முன்பே இருந்தது என்று காட்டும் ஆதாரங்களில், ஒன்று காம்ப்யூசர்வ் என்ற ஆன்லைன் சேவை: 50 சென்டுக்குப் பங்கு விலை வரைபடம் விற்றது, ஒரு கிளிக்கில் வாங்கலாம். அப்படியும் அந்தக் காப்புரிமை சாகவில்லை. சமரசம் ஆனது, மறுபரிசோதனைக்குப் போனது, 2010ல் ஷாப்பிங் கார்ட் என்ற வரம்பைச் சேர்த்துக்கொண்டு பிழைத்தது, 2017ல் காலாவதியாகும்வரை உயிரோடு இருந்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ 2011ல் வெளிப்படையானது என்று சொல்லி மறுத்துவிட்டது.

குறியீடு எழுதுகிற எவனும் ஒரு மதியத்தில் செய்துவிடக்கூடிய வேலைக்கு இருபது வருட ஏகபோகம் கொடுப்பது அநியாயம்.

---

வழக்குக்கட்டு

நான் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதும் வேலையில் இருப்பவன். கோடுகோலன் சொன்ன உண்மைகள் சரி. ஆனால் ‘ஒரு மதியத்தில் செய்துவிடலாம்’ என்பது சட்டம் கேட்கும் கேள்வி அல்ல. செய்யச் சொன்னால் எவ்வளவு நேரத்தில் செய்வாய் என்று அது கேட்பதில்லை. யாரும் சொல்லாதபோது, அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து, அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ளவர் அதைச் செய்யத் தூண்டப்பட்டிருப்பாரா என்றுதான் கேட்கிறது. இங்கே அன்றைக்கு என்பது 2005 டிசம்பர்.

கிளெய்மை, அதாவது காப்புரிமை எதற்கு என்று எல்லை வரையும் வாசகத்தை, பிரித்துப் பாருங்கள். வழக்கில் இருந்தது, இழுத்துத் திறப்பதற்கான 721 என்ற எண் கொண்ட காப்புரிமையின் எட்டாவது கிளெய்ம். திரையில் ஒரு திறப்புப் படம் குறித்த இடத்தில் இருக்க வேண்டும். விரல் அந்தப் படத்தைத் தொட வேண்டும். விரலை எடுக்காமல் நகர்த்தும்போது படமும் தொடர்ந்து நகர வேண்டும். குறித்த பகுதிக்குப் படம் போய்ச் சேர்ந்தால்தான் போன் திறக்க வேண்டும். எந்தத் திசையில் நகர்த்துவது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் குறிப்பும் வேண்டும். நியோனோடில் தள்ளுவது இருந்தது, நகரும் படம் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப சாம்சங் கொண்டுவந்தது 1992ல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. வழக்கில் அதைப் ‘பிளேசான்ட்’ என்றே குறிப்பிடுகிறார்கள். வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்த சுவரில் பொருத்தும் டச் ஸ்கிரீனில் ஆன்/ஆஃப் பட்டன்களை எப்படி வரைவது என்று பல வடிவங்களைச் சோதித்தார்கள். அதில் விரலால் இழுக்கும் ஸ்லைடரும் ஒன்று. அந்த ஆய்விலேயே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இழுப்பது தவறுதலாக நடக்க வாய்ப்புக் குறைவு, அதனால் அது பத்திரமானது என்று ஓர் இடத்தில் வருகிறது. சோதனையில் பங்கேற்றவர்கள் ஸ்லைடரைவிட அழுத்தும் பட்டனையே விரும்பினார்கள் என்று இன்னோர் இடத்தில் வருகிறது.

சாம்சங் முதல் வரியைப் பிடித்துக்கொண்டது: போன் பையில் கிடக்கும்போது தானாகத் திறந்துகொள்ளும் தொல்லைக்கு நேரான மருந்து இதோ எழுதியிருக்கிறது என்றது. ஆப்பிள் இரண்டாவதைப் பிடித்தது: ஆய்வே ஸ்லைடர் வேண்டாம் என்கிறது, அதுவும் சுவரில் இருக்கும் சாதனம், பையில் கிடக்கும் போனைப் பற்றி யோசிப்பவர் ஏன் அங்கே போய்த் தேட வேண்டும் என்றது. இரண்டுக்கும் அதே தாளில் ஆதாரம் இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் எதை நம்புவது என்று முடிவு செய்வது ஜூரியின் வேலை என்றது முழு அமர்வு.

---

சிறுகதிர்

நான் சட்டக் கல்லூரி மாணவி, ஒரு சந்தேகம். ஐபோன் அறிமுக விழாவில் கூட்டம் கைதட்டியதைக்கூட ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். கைதட்டல் எப்படி ஆதாரமாகும் சார்?

---

வழக்குக்கட்டு

ஆகும் அம்மா, ஓரளவுக்கு. 1966ல் கிரஹாம் எதிர் ஜான் டியர் என்ற வழக்கு. ஏர்க்கலப்பை சம்பந்தப்பட்டது. அதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முறையை வகுத்தது. முன்பு என்ன இருந்தது, அதற்கும் கிளெய்முக்கும் என்ன வித்தியாசம், துறையில் சராசரித் திறமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கூடவே வெளி அடையாளங்களையும் பார்க்கலாம்: சந்தையில் வெற்றி, ரொம்ப நாளாக இருந்து தீராத தேவை, மற்றவர்கள் முயன்று தோற்றது. துறையினர் பாராட்டு, போட்டியாளர் நகல் எடுத்தது எல்லாம் இந்த வரிசையில் வந்து சேர்ந்தவை.

காரணம் எளிது. ஒரு யோசனையைப் பார்த்த பிறகு அது ஏற்கனவே நமக்குத் தெரிந்ததுபோல்தான் இருக்கும். நீதிபதிக்கும் அப்படித்தான். அன்றைக்கு அந்தத் துறையில் இருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது அந்த மயக்கத்துக்கு ஒரு தடுப்பு. இழுத்துத் திறப்பதை ஸ்டீவ் ஜாப்ஸ் செய்துகாட்டியபோது அரங்கம் ஆரவாரித்த வீடியோ, சாம்சங்கின் உள் ஆவணங்களில் ஐபோனின் திறப்பு முறையைப் பார்த்து மாற்றச் சொன்ன குறிப்புகள், பையில் இருக்கும் போன் தானாக அழைத்துவிடும் தொல்லையைப் பற்றி ஆப்பிளின் கண்டுபிடிப்பாளர் ஒருவர் சொன்ன சாட்சியம் எல்லாம் ஜூரி முன் இருந்தன.

மூன்று நீதிபதி அமர்வு அந்தக் கைதட்டலை ஏற்கவில்லை. தட்டியவர்கள் ஆப்பிள் ரசிகர்கள், துறை வல்லுநர்களா என்று தெரியாது என்றது. முழு அமர்வு அதை ஜூரி எடை போடக்கூடிய சான்று என்று விட்டுவிட்டது.

---

மின்மினி

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு அந்த மேடையில் காட்டியதில் கூட்டம் எதற்குத்தான் கைதட்டவில்லை? கண்ணாடித் திரை, விரலால் நகரும் பட்டியல், படத்தைப் பெரிதாக்குவது, எல்லாவற்றுக்கும் தட்டினார்கள். அதில் எந்தத் துளி ‘விரலோடு படமும் நகர்கிறது’ என்ற அந்த ஒரு வித்தியாசத்துக்கானது? நியோனோடில் இல்லாதது அது மட்டும்தான். அப்படியானால் பாராட்டும் அந்த மட்டுக்குத்தான் கணக்கில் வர வேண்டும். ‘ஐபோன் அழகாக இருந்தது’ என்பது கிளெய்மில் இல்லை.

வடிவமைப்பாளராகச் சொல்கிறேன். திரையில் விரல் வைத்தால் ஏதாவது ஒன்று விரலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நியோனோடைக் கையில் கொடுத்து, புது ஆட்களுக்கு இது புரியவில்லை, சரிசெய் என்று எந்த வடிவமைப்பாளரிடமாவது சொல்லியிருந்தால், முதலில் வரைவது இழுக்கக்கூடிய ஒரு குமிழைத்தான். லண்டன் தீர்ப்பு ஏறக்குறைய இந்தப் பாதையில்தான் போனது: தள்ளித் திறப்பது தெரியும், ஸ்லைடர் பொது அறிவு, இரண்டையும் சேர்ப்பதில் கண்டுபிடிப்பு இல்லை.

அந்தக் கைதட்டல் வீடியோவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2007 ஜனவரி 9ல் நடந்த அதே விழாவின் பதிவை வைத்துத்தான் 2013 செப்டம்பரில் ஜெர்மன் காப்புரிமை நீதிமன்றம் ஆப்பிளின் வேறொரு காப்புரிமையை ரத்து செய்தது. புகைப்படத் தொகுப்பின் ஓரத்துக்குப் போனதும் படம் துள்ளித் திரும்புமே, அது. உரிய விண்ணப்பத் தேதிக்கு முன்பே ஜாப்ஸ் மேடையில் காட்டிவிட்டார். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஒரு வருட அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் கிடையாது. ஒரே மேடை நிகழ்ச்சி அமெரிக்காவில் ஆப்பிளுக்குச் சாட்சி, ஜெர்மனியில் எதிர்ச் சாட்சி.

---

அந்திவானம்

காப்புரிமைகளுக்கு முந்தைய சான்று தேடும் வேலை எனக்கு. திரை சம்பந்தமான எல்லாக் காப்புரிமையையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறிவதை என்னால் ஏற்க முடியாது. ஒன்றைச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

1990களின் கடைசியில் மின்னணு வர்த்தகத் திரைகளில் நல்ல வாங்கும் விலையும் நல்ல விற்கும் விலையும் குறிப்பிட்ட இரண்டு கட்டங்களில்தான் எப்போதும் இருக்கும். சந்தை நகர்ந்தால் கட்டம் அதே இடத்தில் நிற்கும், உள்ளே இருக்கும் எண் மாறும். வர்த்தகர் ஒரு விலையைப் பார்த்து மவுஸை அழுத்தப் போவார். அழுத்துவதற்குள் எண் மாறிவிடும். அவர் நினைத்த விலை ஒன்று, ஆர்டர் போனது வேறு விலையில். ஹாரிஸ் பிரம்ஃபீல்ட் என்ற வர்த்தகருக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது. அவர் யோசித்தது இதைத்தான்: விலைகளை ஏணிப்படிபோல ஒரு நிலையான பத்தியில் அடுக்கிவிடுவோம், அவை அசையக் கூடாது. சந்தை நகரும்போது அந்தந்த விலைக்கு வந்த ஆர்டர்களின் அளவுகள் மட்டும் அந்த ஏணியில் மேலும் கீழும் போகட்டும். எந்தப் படியில் கிளிக் செய்கிறேனோ அந்த விலையில்தான் ஆர்டர் போகும்.

டிரேடிங் டெக்னாலஜீஸ் என்ற சிகாகோ கம்பெனியின் காப்புரிமை அது. 2000 மார்ச் தேதி. ஈஸ்பீட் என்ற போட்டிக் கம்பெனி மேல் போட்ட வழக்கில் ஜூரி செல்லும் என்றது, 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. இன்றைக்குப் பார்த்தால் இதுவும் சும்மா ஒரு பட்டியல்தானே என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு எல்லாரும் எதிர்த்திசையில் யோசித்தார்கள். நல்ல விலை எப்போதும் கண் முன்னால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நல்ல வடிவமைப்பு என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கினால் நல்ல விலை திரையைவிட்டே வெளியே போய்விடும் அபாயம் உண்டு. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு அது.

இழுத்துத் திறப்பதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் தொழில் போய்க்கொண்டிருந்த அதே திசையில் ஓர் அடி. இரண்டாவதில் தொழில் போன திசைக்கு எதிரே ஓர் அடி. எனக்கு வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது.

---

கோடுகோலன்

ஏணி விஷயத்தில் சொன்னது நியாயம். ஆனால் அதற்கும் டோக்கியோ பங்குச் சந்தையின் 1998 கையேட்டை எதிர்ச் சான்றாகக் காட்டினார்களே? காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வாரியம் அதைப் பார்த்து வெளிப்படையானது என்று சொன்னதாக நினைவு.

---

அந்திவானம்

சொன்னது உண்மை. 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவுகளை நீக்கிவிட்டது. கையேட்டைப் பற்றி எதுவும் சொல்லி அல்ல, அந்த வகை விசாரணைக்கே இந்தக் காப்புரிமை உட்படாது என்று. அதனால் கையேட்டின் பலம் அங்கே முடிவாகவில்லை. ஆனால் கவனியுங்கள், உங்கள் பக்கத்து ஆட்கள் ‘இது யாருக்கும் தோன்றும்’ என்று வாதாடிவிட்டு உட்காரவில்லை. ஜப்பானிய மொழியில் இருந்த ஒரு கையேட்டைத் தேடி எடுத்து, மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வேலை என்றால் அதுதான்.

---

வழக்குக்கட்டு

அந்திவானம் தொட்ட இடம் முக்கியமானது. 2007ல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிப்படையானதா என்று பார்க்கும் விதியைத் தளர்த்தியது. கார் பெடல் சம்பந்தப்பட்ட வழக்கு. துறை தெரிந்தவர் இயந்திரம் அல்ல, அவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு, பொது அறிவையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. உடனே எல்லா வக்கீல்களும் ‘பொது அறிவு’ என்று எழுத ஆரம்பித்தார்கள்.

அதற்கு எல்லை போட்டது 2016 ஆகஸ்டில் வந்த அரெண்டி எதிர் ஆப்பிள். இங்கே ஆப்பிள் எதிர்ப்பக்கம். ஆவணத்தில் இருக்கும் பெயரையோ எண்ணையோ அடையாளம் கண்டு, முகவரிப் புத்தகத்தில் தேடி, கிடைத்ததை வைத்து அடுத்த வேலையைச் செய்ய உதவும் திரை வசதி அது. முந்தைய சான்றில் போன் எண்ணை அடையாளம் கண்டு முகவரிப் புத்தகத்தில் சேர்க்கும் மெனு இருந்தது. சேர்ப்பதற்கு முன் அந்த எண் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடுவது பொது அறிவுதானே என்று வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. சான்றில் இல்லாத ஒரு படியை, அதுவும் கண்டுபிடிப்பின் மையமான படியை, வெறும் பொது அறிவு என்ற பெயரில் நிரப்ப முடியாது, ஆதாரமும் காரணமும் வேண்டும் என்றது.

அதே ஆண்டு, அதே நீதிமன்றம். ஆப்பிள் ஒரு வழக்கில் வெளிப்படையானது என்று வாதாடித் தோற்றது, இன்னொன்றில் வெளிப்படையானது அல்ல என்று வாதாடி ஜெயித்தது. இரண்டிலும் நீதிமன்றம் கேட்டது ஆதாரத்தைத்தான்.

---

சிறுகதிர்

ரொம்ப நன்றி சார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிந்தது நியோனோட், பிளேசான்ட் பற்றிய கருத்து வேறுபாட்டால் மட்டும்தானா? நம் நாட்டுச் சட்டம் எந்தப் பக்கம் நிற்கும்?

---

வழக்குக்கட்டு

கருத்து வேறுபாட்டைவிட, யார் முடிவு செய்கிறார் என்பதுதான் பெரிய காரணம் என்பேன். லண்டனிலும் ஜெர்மனியிலும் முடிவு நீதிபதியுடையது. எந்தச் சான்றை ஏன் ஏற்றேன், ஏன் தள்ளினேன் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அமெரிக்காவில் ஜூரி கிளெய்ம் செல்லுமா செல்லாதா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. பிளேசான்டை ஆப்பிள் படித்தபடி படித்தார்களா, கைதட்டலுக்கு எவ்வளவு எடை போட்டார்கள், எதுவும் வெளியே தெரியாது. மேல்முறையீட்டில் எல்லா உண்மைக் கேள்வியும் ஜெயித்தவர் பக்கம் தீர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அதன் மேல், அமெரிக்க வழக்குமன்றத்தில் காப்புரிமையைச் செல்லாததாக்கத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்று 2011ல் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐ4ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரண சிவில் வழக்கின் அளவுகோலைவிட உயரமான வாசற்படி அது.

நம் சட்டத்தில் 2(1)(ja) பிரிவு தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருந்து, துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகவும் இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் திரை வசதிகள் பெரும்பாலும் அங்கே போவதற்கு முன்பே 3(k) பிரிவில், அதாவது கணினி நிரல் மட்டுமே என்றால் காப்புரிமை இல்லை என்ற இடத்தில், சிக்கிக்கொள்ளும். இங்கே காப்புரிமை வழக்குக்கு ஜூரி கிடையாது.

---

மின்மினி

முழு அமர்வின் தீர்ப்பில் என் முக்கியப் புகாரே அதுதான். வெளிப்படையானதா என்பது கடைசியில் சட்டக் கேள்வி, உண்மைக் கேள்விகள் அதற்கு அடித்தளம் என்று அவர்களே சொல்கிறார்கள். அடித்தளம் முழுவதையும் ஜூரியின் மௌனத்துக்குள் வைத்துவிட்டால் நீதிபதிக்கு என்ன மிச்சம்? மாறுபட்டு எழுதிய மூவரில் நீதிபதி டைக் சொன்னது இதற்கு நெருக்கமானது: பழைய பாகங்களைச் சேர்த்த காப்புரிமைகளை வெளி அடையாளங்களை வைத்துக் காப்பாற்றினால் 2007 தீர்ப்பு வைத்த கோடு கீழே இறங்கிவிடும் என்றார். அதுவும் முழு அமர்வு புதிதாக எழுத்து வாதம்கூடக் கேட்காமல் முடிவெடுத்தது. இவ்வளவு பெரிய கேள்விக்கு அது போதாது.

---

கோடுகோலன்

முழுக்க ஒத்துப்போகிறேன். அந்திவானம், ஒரு நடைமுறைக் கேள்வி. இப்படி ஒரு திரை வசதிக்கு முந்தைய சான்று தேடச் சொன்னால் எங்கே ஆரம்பிப்பீர்கள்?

---

அந்திவானம்

காப்புரிமைத் தரவுத்தளத்தில் எல்லாரும் தேடுவார்கள், தேர்வாளரும் அங்கே தேடியிருப்பார். நான் அடுத்துப் போவது பயனர் கையேடுகளுக்கு. நியோனோட் ஒரு கையேடு, டோக்கியோ ஒரு கையேடு. திரை எப்படி நடந்துகொள்ளும் என்று படிப்படியாக எழுதிவைக்கும் ஆவணம் அது ஒன்றுதான், விளம்பரத்தில் அது இருக்காது. அப்புறம் மனித–கணினி ஊடாட்ட மாநாடுகளில் போட்ட வீடியோக்கள். 1980களிலும் 90களிலும் ஆய்வகங்களில் காட்டிய பல அசைவுகள் ஆய்வுத் தாளில் இரண்டு வரியாகத்தான் இருக்கும், வீடியோவில் முழுசாக நகரும். கிளெய்மில் ‘தொடர்ந்து நகர்த்து’ என்று இருந்தால் நகர்வதைக் காட்டும் சான்றுதான் வேண்டும், நின்ற படம் போதாது.

எது கிடைத்தாலும் முதலில் பார்ப்பது இரண்டு. பொதுமக்கள் கையில் எந்தத் தேதிக்குள் போனது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? அந்த ஆவணத்திலேயே எதிராளி எடுத்துக்காட்டக்கூடிய வரி ஏதாவது இருக்கிறதா? பிளேசான்டில் பட்டனைத்தான் விரும்பினார்கள் என்ற அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் ஆப்பிளுக்கு அங்கே பிடி மிகக் குறைவாக இருந்திருக்கும். அதனால் சான்றை முழுசாகப் படித்து, பாதகமான வரியையும் குறித்து, அதற்கான பதிலோடு சேர்த்தே வக்கீலிடம் கொடுப்பேன்.